புது மொழிக்காரக் குழந்தை உங்கள் வகுப்புக்கு வந்தால்

வருடத்தின் நடுவில் ஒரு நாள், பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமை ஆசிரியர் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். "புது அட்மிஷன். நம்ம மொழி அவ்வளவா வராது. கொஞ்சம் பாத்துக்குங்க." அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற பயிற்சி. அந்தக் "கொஞ்சம் பாத்துக்குங்க"வை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதப் போகிறேன். நான் தமிழில் பாடம் எடுப்பவள் என்பதால் உதாரணங்கள் தமிழ் வகுப்பிலிருந்து வரும். நீங்கள் எந்த மொழியில் நடத்தினாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு, பாவம் ஒன்றும் புரியாதே என்று, ஒரு வாரம் முழுக்கப் படங்களுக்குக் கலர் அடிக்கக் கொடுத்தேன். அவளும் சொன்னதைச் செய்தாள், அழகாக, கோட்டுக்கு வெளியே போகாமல். எட்டாவது நாள் அவளுடைய பழைய பள்ளி நோட்டு கைக்கு வந்தது. எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் எண்கள் தெரிந்தன: பக்கம் பக்கமாகப் பின்ன வகுத்தல், எல்லாம் சரி. என் வகுப்பு அப்போது பின்னக் கூட்டலில் திணறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான். குழந்தை யோசிக்க வேண்டிய அளவைக் குறைக்கவே மாட்டேன். அந்த யோசனைக்குள் போவதற்கு நடுவில் நிற்கிற மொழியை மட்டும் எளிதாக்குவேன். கீழே எழுதியிருக்கிற எல்லாமே இதிலிருந்து கிளம்பியவைதான்.

முதல் வாரம்

பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். குழந்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நீங்களும் சொல்லிப் பார்த்து, சரியா என்று கேட்டு, மறுபடி சொல்லுங்கள். நாக்கு சுளுக்கினாலும் பரவாயில்லை. "இது கஷ்டமா இருக்கு, உன்னை நாங்க இப்படிக் கூப்பிடறோம்" என்று நாமாக ஒரு சுருக்கப் பெயர் வைப்பது மட்டும் வேண்டாம். பெயரில் எது சொந்தப் பெயர், எது குடும்பப் பெயர், எது அப்பா பெயர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழர்கள் நமக்கே இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் படிவங்களில் அப்பா பெயரால் கூப்பிடப்பட்ட அனுபவம் இருக்கும், அதனால் இது புரியும்.

அடுத்து, மேஜையில் ஒட்டி வைக்க ஒரு சின்ன அட்டை. தண்ணீர், கழிப்பறை, உடம்பு சரியில்லை, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள். ஐந்தும் படத்தோடு. பேச்சு வராவிட்டாலும் விரலை வைத்துக் காட்டலாம். இது இல்லாமல் ஒரு குழந்தை மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் பாடத்துக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

உட்காரும் இடம் முக்கியம். கடைசி பெஞ்ச் கூடவே கூடாது, அது தெரிந்ததுதான். ஆனால் முதல் வரிசையும் சரியில்லை என்பேன். "புத்தகத்தை எடுங்க, 42-ஆம் பக்கம்" என்று நீங்கள் சொல்லும்போது அந்தக் குழந்தை உங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வதில்லை, மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார வையுங்கள். பக்கத்தில் பொறுமையான ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் அது அவனுக்கு வேலையாகிவிடும்.

அப்புறம், பேசாமல் இருந்தால் பதறாதீர்கள். புது மொழிக்குள் வந்த பல குழந்தைகள் முதலில் சில வாரம், சிலர் சில மாதம், வாயே திறக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் மொழி கற்றல் பற்றி எழுதியவர்கள் இதை மௌனக் காலம் என்றே சொல்கிறார்கள். இந்தச் சமயத்தில் எழுப்பி நிறுத்தி "ஒரு வார்த்தை சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் அந்த மௌனம்தான் இன்னும் நீளும். பேசாமலே பங்கெடுக்க வழி கொடுங்கள்: சரியான படத்தைத் தொட்டுக் காட்டுவது, அட்டைகளை வரிசைப்படுத்துவது, பதில் எண்ணை விரலில் காட்டுவது.

கிரவுண்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

ஆறு மாதம் போனதும் ஒரு அதிசயம் நடக்கும். குழந்தை கிரவுண்டில் சண்டை போடும், கோள் சொல்லும், ஜோக் அடிக்கும். நாமும் "அப்பாடா, மொழி வந்துவிட்டது" என்று அட்டையை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். அடுத்த தேர்வில் மதிப்பெண் தரையில் கிடக்கும். "நல்லா பேசுறானே, படிக்க மட்டும் சோம்பேறித்தனம்" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரும்.

சோம்பேறித்தனம் இல்லை. கனடாவில் இருந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-ல் இதைப் பிரித்துச் சொன்னார்: அன்றாடப் பேச்சு மொழி வேறு, பாடம் படிக்கத் தேவையான மொழி வேறு. முதலாவது சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் கூடப் படிக்கும் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பேசுவது ஒன்றும் எழுதுவது இன்னொன்றுமாக இருக்கிற மொழிக்காரர்கள் நாம், நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. கிரவுண்டில் "எவ்ளோ மிச்சம் இருக்கு?" என்று கேட்கத் தெரிந்த குழந்தைக்கு வினாத்தாளில் வருவதோ இப்படி:

"ஒரு தொட்டியின் கொள்ளளவில் முக்கால் பங்கு நீர் நிரம்பியுள்ளது. அதிலிருந்து 30 லிட்டர் நீர் வெளியேற்றப்பட்ட பின்னர் பாதியளவு நீரே எஞ்சியிருப்பின், தொட்டியின் முழுக் கொள்ளளவு யாது?"

இதில் கணக்கு என்பது ஒரு வரிதான். முக்காலுக்கும் பாதிக்கும் வித்தியாசம் கால், கால் என்பது 30 லிட்டர், முழுசு 120. மீதியெல்லாம் மொழி. நான் இதை இப்படி மாற்றிக் கொடுப்பேன்:

"ஒரு தொட்டி. அதில் முக்கால் அளவு தண்ணீர் இருக்கிறது. நாம் 30 லிட்டர் வெளியே எடுத்தோம். இப்போது பாதி அளவு தண்ணீர் இருக்கிறது. தொட்டி நிறைய எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

பக்கத்தில் நான்கு பாகமாகக் கோடு போட்ட ஒரு பெட்டி. கணக்கு அதே கடினம்தான், ஒரு எண்கூட மாறவில்லை. இரண்டு நீள வாக்கியங்கள் ஐந்து சின்ன வாக்கியங்களாக உடைந்தன, "வெளியேற்றப்பட்ட" என்பதில் யார் செய்தார்கள் என்று தெரியாமல் இருந்தது "நாம் எடுத்தோம்" ஆனது, "எஞ்சியிருப்பின்" போனது.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் நாம் செய்தது பாதி வேலைதான். ஏனென்றால் தேர்வு "எஞ்சியிருப்பின்" என்றுதான் கேட்கும். அதனால் அடுத்த நாள் பழைய வடிவத்தையும் புது வடிவத்தையும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எது எதுவாக மாறியது என்று குழந்தைகளையே கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். எஞ்சியிருப்பின் என்றால் மிச்சம் இருந்தால். யாது என்றால் என்ன. இதைச் செய்யும்போது, வீட்டில் தமிழே பேசுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வதையும் கவனிப்பீர்கள்.

எந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பது என்பதில் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம். ஒளிச்சேர்க்கை, நாற்கரம் மாதிரி கலைச்சொற்களைப் பெரிதாக எழுதி மாட்டுவோம். அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுசுதான், எப்படியும் நடத்திவிடுவோம். குழந்தை விழுவது எல்லாப் பாடத்திலும் வருகிற, யாரும் நடத்தாத சொற்களில்: ஒப்பிடுக, வேறுபடுத்துக, காரணம் கூறுக, எனவே, ஆயினும், தவிர, குறைந்தபட்சம். வாரத்துக்கு ஐந்து இப்படிப்பட்ட சொல் போதும்.

இன்னொரு வகை வம்பு, ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம். "படி" என்று சொல்லுங்கள்: புத்தகத்தைப் படி, மாடிப்படி, ஒரு படி அரிசி, சொன்னபடி செய், கணக்கின் அடுத்த படி. "பக்கம்" என்றால் புத்தகத்திலும் இருக்கும், முக்கோணத்திலும் இருக்கும். கிரவுண்டில் "அடி" என்ற சொல்லை ஒரே அர்த்தத்தில் கற்றுக்கொண்டு வந்த பையன் ஒருவன், "கம்பத்தின் உயரம் 12 அடி" என்பதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாடத்துக்கு முதல் நாள் அந்தப் பக்கத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துவிட்டுப் போனால் பாதி விபத்தைத் தவிர்க்கலாம்.

நாம் பேசுகிற விதம்

சத்தமாகப் பேசாதீர்கள். குழந்தைக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நிதானமாக, சின்ன வாக்கியமாக, கையில் பொருளோ போர்டில் படமோ வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரே பாடத்துக்குள் விடை, பதில், தீர்வு என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது கட்டுரைக்கு நல்லது, வகுப்புக்கு ஆகாது.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். இந்தப் பழக்கம் என்னையே இன்னும் முழுசாக விடவில்லை. எந்தக் குழந்தை எழுந்து "புரியலை" என்று சொல்லும்? எல்லாரும் தலையாட்டும்போது அதுவும் ஆட்டும். தலையாட்டலை நம்பவும் முடியாது, பல்கேரியாவில் பழைய வழக்கப்படி மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பதிலாகச் செய்து காட்டச் சொல்லுங்கள்: "முதலில் என்ன செய்யப் போகிறோம், தொட்டுக் காட்டு." "இரண்டில் எது பெரிய பின்னம், சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடி." மொத்த வகுப்பும் தூக்கிப் பிடிக்கும்போது யாருக்குப் புரியவில்லை என்று உங்களுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். அது சொந்த மொழியிலேயே. நம் குழந்தை கேள்வியைத் தன் மொழிக்கு மாற்றி, பதிலைக் கண்டுபிடித்து, திரும்ப நம் மொழிக்குக் கொண்டுவந்து, அதற்குள் எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தையும் தாண்ட வேண்டும். மனதுக்குள் எட்டு வரை எண்ணுங்கள். அந்த அமைதி நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

பேச வைப்பது, எழுத வைப்பது, திருத்துவது

வெறும் தாளைக் கொடுத்து "நீ பார்த்ததை எழுது" என்றால் வெறும் தாள்தான் திரும்பி வரும். வாக்கியத்தின் எலும்புக்கூட்டைக் கொடுங்கள். தண்ணீர் ஆவியாகும் சோதனையா? "______ சூடானதால் ______ ஆனது." "முதலில் ______ இருந்தது. பிறகு ______." இதில் குழந்தை அறிவியலைத்தான் நிரப்புகிறது, "ஆனதால்" என்ற காரணக் கட்டுமானத்தை நாம் கடன் கொடுக்கிறோம். மூன்று வாரத்தில் அந்தக் கடனை அது கேட்காமலே எடுத்துப் பயன்படுத்த ஆரம்பிக்கும், அப்போது கோடுகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மொத்த வகுப்புக்கு முன் பேசுவதற்கு முன்னால் பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள். ஒத்திகை பார்த்த வாக்கியம் தைரியமாக வரும்.

தப்பாகப் பேசினால்? "டீச்சர், எங்க அம்மா வந்தான்" என்று ஒரு குழந்தை சொல்லும், வகுப்பு சிரிக்கும். சிரிப்பை அங்கேயே, அன்றைக்கே நிறுத்துங்கள், இதில் தயவு காட்டாதீர்கள். திருத்துவதைப் பொறுத்தவரை, நாம் எல்லோரும் இயல்பாகச் செய்வது, "ஓ, அம்மா வந்தாங்களா?" என்று சரியான வடிவத்தை மெதுவாகத் திருப்பிச் சொல்வது. மரியாதையான முறைதான். ஆனால் ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997-ல் எழுதியதில், ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இந்த முறைதான், குழந்தைகள் அதிகம் கவனிக்காமல் விட்டதும் இதைத்தான். குழந்தை "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போய்விடும், எதையோ திருத்தினோம் என்றே அதற்குத் தெரியாது. அதனால் சில சமயம் "அம்மா... வந்தானா, வந்தாங்களா?" என்று நிறுத்தி, அதுவே சரி செய்ய இடம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு வகைத் தப்பு மட்டும் போதும். அறிவியல் வகுப்பில் விடை சரியென்றால் விடையைப் பாராட்டிவிட்டு நகருங்கள்.

சில தப்புகள் தப்பே இல்லை, வேறு ஊர் வழக்கம். பல ஐரோப்பிய நாடுகளில் 3.5 என்பதை 3,5 என்றுதான் எழுதுவார்கள். அரபியும் உருதுவும் வலமிருந்து இடமாக எழுதுவார்கள், அதனால் அந்தக் குழந்தை நோட்டைப் 'பின்னாலிருந்து' திறக்கும். க-வுக்கு நாலு எழுத்து இருக்கிற மொழியிலிருந்து வந்த குழந்தை, "கல், தங்கம், பகல், மூன்றுக்கும் ஒரே எழுத்தா?" என்று குழம்பும். அது நியாயமான கேள்வி. சொல்லின் முதலில் வந்தால் ஒரு ஒலி, மெல்லெழுத்துக்குப் பின் ஒரு ஒலி, இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவில் ஒரு ஒலி என்று விதியைச் சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். நாம் அதை யோசித்ததே இல்லை, அதுதான் விஷயம்.

வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்

"வீட்டிலும் இந்த மொழியிலேயே பேசுங்க, சீக்கிரம் வந்துவிடும்" என்று பெற்றோரிடம் சொல்வது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் மோசமான அறிவுரை. அந்த அம்மாவுக்கு நம் மொழியில் நூறு வார்த்தை தெரிந்தால், குழந்தைக்கு இனிமேல் நூறு வார்த்தைப் பேச்சுதான் வீட்டில் கிடைக்கும். கதையும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. கம்மின்ஸ் இதையும் சொல்லியிருக்கிறார்: ஒரு மொழியில் வளர்ந்த படிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கூட வரும். பின்னம் என்றால் என்ன என்று ஒரு மொழியில் புரிந்தவருக்கு அடுத்த மொழியில் சொல் மட்டும்தான் தேவை. அதனால் வீட்டில் அவர்கள் மொழியிலேயே நிறையப் பேசச் சொல்லுங்கள், கதை படிக்கச் சொல்லுங்கள்.

வகுப்பிலும் அந்த மொழிக்கு இடம் உண்டு. வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்பவர் 1990-களில் வகுப்புகளில் கவனித்துப் பெயர் வைத்த ஒரு முறை இருக்கிறது: ஒரு மொழியில் படித்து, இன்னொரு மொழியில் எழுதுவது. இன்று பல நாடுகளில் அதை விரிவாக்கிப் பயன்படுத்துகிறார்கள். நடைமுறையில் இது சின்ன விஷயம்தான். எழுதப்போவதற்கான திட்டத்தைக் குழந்தை தன் மொழியில் எழுதட்டும், கடைசி வடிவம் நம் மொழியில் வரட்டும். அதே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஐந்து நிமிடம் தங்கள் மொழியில் விவாதித்துவிட்டு வரட்டும். "என்ன பேசிக்கிறாங்களோ" என்ற சந்தேகம் நமக்கு வரும். பெரும்பாலும் பாடத்தைத்தான் பேசுவார்கள், இல்லையென்றாலும் மற்ற பிள்ளைகள் பேசுகிற அதே வம்புதான்.

மொழிபெயர்ப்பு ஆப் உதவும், சின்ன நேரடி வாக்கியத்துக்கு. மொழிபெயர்த்ததைத் திருப்பி நம் மொழிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை மாதிரி பெரிய விஷயம் என்றால் மனிதர் வேண்டும். அந்த மனிதர் குழந்தையாக இருக்கக் கூடாது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே அப்பாவுக்கு மொழிபெயர்க்கச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். (அது எவ்வளவு நேர்மையாக வரும் என்பது வேறு கதை.)

பண்பாடு என்றால் வேஷம் மட்டுமா

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், யுனெஸ்கோ 1999-ல் அறிவித்தது. அன்றைக்கு உடை போட்டு ஆடிப் பாடுவது நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை என்ன என்பதுதான் கேள்வி. அரிசோனாவில் லூயிஸ் மோலும் கூட இருந்தவர்களும் ஆசிரியர்களையே மாணவர் வீடுகளுக்கு அனுப்பினார்கள், குறையைத் தேடுவதற்கு இல்லை, அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள. விவசாயம், கட்டட வேலை, வியாபாரம், மருத்துவ மூலிகை என்று நிறைய இருந்தது, அதைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம்மால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. "உங்க வீட்டில் யார் எதில் கெட்டிக்காரர்?" என்று கேட்கலாம். கொத்தனார் அப்பாவுக்கு செங்கோணம் பார்க்கத் தெரியும், மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றை அளந்து. பிதாகரஸ் பாடத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாமே.

ஆனால் குழந்தையை அதன் நாட்டுக்கோ இனத்துக்கோ பேச்சாளர் ஆக்காதீர்கள். "உங்க ஊர்ல இதெல்லாம் எப்படி?" என்று எல்லார் முன்னும் கேட்டால், ஐந்து வயதில் கிளம்பி வந்த குழந்தைக்கு என்ன தெரியும்? தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். அதே மாதிரி, திட்டும்போது தலையைக் குனிந்தால் திமிர் என்றோ, கேள்வி கேட்காவிட்டால் ஆர்வம் இல்லை என்றோ உடனே முடிவு கட்ட வேண்டாம். சில வீடுகளில் பெரியவர் முகத்தை நேராகப் பார்ப்பதுதான் திமிர்.

தேர்வும், ஒரு எச்சரிக்கையும்

எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சுற்றுச்சூழல் தேர்வென்றால் சுற்றுச்சூழலுக்குத்தான் மதிப்பெண். படம் வரைந்து பாகம் குறிக்கட்டும், வாயால் சொல்லட்டும், சொற்பட்டியலை வைத்துக்கொள்ளட்டும், பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். மொழியையும் அளக்க வேண்டும் என்றால் தனி வரிசையில் அளந்து தனி எண்ணாகப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து 35 என்று போட்டால் அந்த 35 யாருக்கும் எதையும் சொல்லாது.

கடைசியாக, எல்லாவற்றையும் மொழி என்றே சொல்லித் தள்ளிப் போடவும் கூடாது. சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே கற்றல் சிரமமோ கேட்கும் சிரமமோ இருக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி பெற்றோரிடம், நடுவில் மொழி தெரிந்த ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு: "வீட்டில் உங்க மொழியில் எப்படி? அண்ணன் தங்கையோடு ஒப்பிட்டால் பேச்சு தாமதமா? சொன்னது மறந்துபோகுமா?" அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் நேரம்தான் தேவை. அந்த மொழியிலும் திணறல் இருந்தாலோ, வீட்டில் கலகலவென்று பேசுகிற குழந்தை மாதக் கணக்கில் பள்ளியில் யாரிடமும், தன் மொழி பேசும் பிள்ளைகளிடம்கூட, பேசவே இல்லை என்றாலோ, சிறப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். போகும்போது தேதி போட்ட நாலைந்து நோட்டுப் பக்கங்களையும், எதை முயன்று பார்த்தீர்கள் என்ற குறிப்பையும் கையில் கொண்டு போங்கள். குழந்தையின் பழைய பள்ளி நோட்டு இருந்தால் அதையும்.